பரமட்டா படைக் குடியிருப்பின் வரலாற்றைத் தமிழில் கொண்டுவர உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

சிட்னியின் மேற்கே, பரமட்டா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஸ்மித் தெருவில் இருக்கும் லான்சர் பாரக்ஸை நம்மில் பலர் வேலைக்குப் போகும் வழியில் தினமும் கடக்கிறோம். 1818ல் தொடங்கி 1820ல் கட்டி முடித்த ராணுவக் குடியிருப்பு அது. டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் இதைவிட மூத்தது ஒன்று உண்டு. ஆனால் ஆஸ்திரேலியப் பெருநிலத்தில், இன்றும் படையின் கையில் இருப்பவற்றில் இதுவே மிகப் பழையது. இதைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல புத்தகம் கொண்டுவர எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்காகத்தான் உங்களிடம் கை நீட்டுகிறோம்.

"நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

இதைக் கட்டச் சொன்னவர் ஆளுநர் லாக்லன் மக்குவாரி. சிட்னிக்கு வருவதற்கு முன்பே நம் பக்கத்தை அறிந்தவர். 1796ல் டச்சுக்காரர்களிடமிருந்து இலங்கையின் காலி நகரைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் படையில் இருந்தார். 1799ல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையிலும் இருந்தார். 1810ல் அவர் ஆளுநராகப் பொறுப்பேற்றபோது அவருடன் வந்தது 73ஆம் படைப்பிரிவு. அந்தப் படைப்பிரிவு 1814ல் இங்கிருந்து கப்பலேறிப் போன இடம் இலங்கை. மறு வருடமே கண்டி வீழ்ந்தது. கடைசி அரசன் ஸ்ரீவிக்ரம ராஜசிங்கன் பிடிபட்டு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832ல் அங்கேயே இறந்தான். 1817, 1818ல் ஊவா மக்கள் கிளர்ந்தபோது அதை அடக்கிய படைகளிலும் 73ஆம் பிரிவு இருந்தது. சிட்னித் தெருக்களில் காவல் நின்ற அதே சிப்பாய்கள்தான் பிறகு கண்டி மலைகளில் நடந்தார்கள்.

அவர்களுக்குப் பதிலாக இங்கே வந்தது 46ஆம் படைப்பிரிவு. லான்சர் பாரக்ஸை வரைந்த லெப்டினன்ட் ஜான் வாட்ஸ் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர், மக்குவாரியின் உதவி அதிகாரி. பரமட்டாவின் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்துக்கு முன்னால் நிற்கும் இரட்டைக் கோபுரங்களும் அவர் கைவண்ணம்தான். ஆளுநரின் மனைவி எலிசபெத் மக்குவாரியிடம் இருந்த, இங்கிலாந்தின் ரெக்கல்வர் தேவாலயப் படத்தைப் பார்த்து அவற்றை வடிவமைத்தார். தான் வரைந்த குடியிருப்பு முடிவதைப் பார்க்க அவர் இங்கே இல்லை, 1819லேயே கிளம்பிவிட்டார்.

அதே 46ஆம் பிரிவுதான் 1816 ஏப்ரல் 17 அன்று, மக்குவாரியின் ஆணைப்படி, சிட்னிக்குத் தென்மேற்கே ஆப்பின் என்ற ஊருக்கு அருகில் பழங்குடி மக்களைச் சுற்றி வளைத்தது. ஆண், பெண், குழந்தை என்று குறைந்தது 14 பேர் இறந்தார்கள். சிலர் சுடப்பட்டார்கள், சிலர் செங்குத்துப் பாறைகளிலிருந்து விழுந்து மடிந்தார்கள். மறு வருடம் அந்தப் படைப்பிரிவு மதராஸுக்குக் கப்பலேறியது.

இதைப் புத்தகத்தில் ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்க எங்களுக்கு மனமில்லை. பரமட்டா நிலம் தரக் என்னும் பழங்குடி மக்களில் பரமட்டகல் குலத்தாருடையது. 1797ல் பழங்குடிப் போர்த் தலைவர் பெமுல்வுய் தன் ஆட்களுடன் சிப்பாய்களை எதிர்த்துச் சண்டையிட்டது இதே ஊரில்தான். குண்டுக் காயத்தோடு பிடிபட்டு, மருத்துவமனையில் வைக்கப்பட்டு, அங்கிருந்து தப்பினார். படைக் குடியிருப்பின் வரலாறு என்றால் யாருக்கு எதிராக அந்தப் படை நின்றது என்பதும் சேர்ந்ததுதானே! எனவே இந்தப் பக்கங்களை அந்தந்தப் பழங்குடிச் சமூகத்தவர் படித்துத் திருத்தம் சொல்லாமல் அச்சுக்கு அனுப்ப மாட்டோம். அவர்கள் நேரத்துக்கு உரிய ஊதியமும் கொடுப்போம். செலவுத் திட்டத்தில் நாங்கள் முதலில் எழுதிய வரி இதுதான்.

பிற்காலக் கதையும் சுவையானது. 1870ல் பிரிட்டிஷ் படைகள் ஆஸ்திரேலியாவை விட்டுப் போயின. 1890களில் நியூ சவுத் வேல்ஸ் லான்சர்கள் என்ற குதிரைப்படை இங்கே குடிபுகுந்தது. பாரக்ஸின் இன்றைய பெயர் அப்படி வந்தது. 1899ல் போயர் போர் மூண்டபோது, இங்கிலாந்தில் பயிற்சியில் இருந்த லான்சர்கள் நேரே தென்னாப்பிரிக்கா போய் இறங்கினார்கள். வளாகத்துக்குள் லிண்டன் ஹவுஸ் என்றொரு வீடு உண்டு. 1828ல் மக்குவாரி தெருவில் கட்டப்பட்டது. இடிக்கப்பட இருந்த அதை 1960களில் கல் கல்லாகப் பிரித்து, இங்கே கொண்டுவந்து திரும்பக் கட்டினார்கள். இப்போது அது லான்சர் படைப்பிரிவின் அருங்காட்சியகம், தன்னார்வலர்கள் நடத்துவது. பிள்ளைகளோடு போனால் பழைய கவச வண்டிகளை விட்டு அவர்களை நகர்த்துவது கஷ்டம். செயல்படும் ராணுவ வளாகம் என்பதால் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். மொத்தம் 9,000 டாலர் தேவை. பெரும்பகுதி அச்சுக்கும், பழைய வரைபடங்கள், படங்களைப் பயன்படுத்தும் உரிமைக்கும் போகும். எழுதுவது, மெய்ப்புப் பார்ப்பது, பக்கம் வடிவமைப்பது எல்லாம் குழுவினரே சம்பளமின்றிச் செய்கிறோம். புத்தகம் விற்பனைக்கு அல்ல. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கும், தமிழ் நூல்கள் வைத்திருக்கும் நூலகங்களுக்கும் இலவசமாகக் கொடுப்போம்.

20 டாலர் கொடுத்தால் ஒரு பிள்ளையின் கையில் ஒரு புத்தகம் போய்ச் சேரும். 200 டாலர் ஒரு வகுப்புக்குப் போதும். பெற்றோர், தாத்தா பாட்டி நினைவாகக் கொடுக்க விரும்பினால் அவர்கள் பெயரை உள்பக்கத்தில் அச்சிடுவோம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். பணமாக முடியாதவர்கள் வேறு வழியிலும் கைகொடுக்கலாம். நல்ல கேமரா வைத்திருப்பவர்களும், பழைய ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்களும் எங்களுக்கு உடனே வேண்டும்.

வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், வெஸ்ட்மீட் பக்கம் இருப்பவர்கள் சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி வாசலில் எங்கள் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். தொலைவில் இருப்பவர்கள் உங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் மூலம் சொல்லி அனுப்பினால் வங்கி விவரம் அனுப்புவோம். வரவு செலவுக் கணக்கு மாதம் ஒருமுறை பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்கும். தொகை மிஞ்சினால் இரண்டாம் பதிப்புக்கு வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் மாத இறுதிக்குள் தந்தால் ஆண்டு நிறைவு விழாவுக்கு முன் அச்சகத்தில் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
புத்தகக் குழுவினர்