சோளகக் காலத்தில் எங்களுக்கு விற்கப்பட்ட கடல்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
2025 செப்டெம்பர் 2

முகாமையாளர் அவர்கட்கு,
வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு,
கொழும்பு 04.

விடயம்: ஓகஸ்ட் 9 முதல் 16 வரையான தாய்லாந்துக் குடும்பச் சுற்றுலா பற்றிய புகாரும் பணத்தை மீளக் கோருதலும்

ஐயா / அம்மணி,

பாடசாலை விடுமுறையில் நான், கணவர், பதினான்கு வயது மகன், ஏழு வயது மகள், மாமி ஆகிய ஐவரும் உங்கள் நிறுவனத்தினூடாகத் தாய்லாந்து போய்வந்தோம். பாங்கொக்கில் மூன்று இரவு ஊர் பார்ப்பது, புக்கெட்டில் நான்கு இரவு கடற்கரை. இதற்கு 13,85,000 ரூபா கட்டினோம். திரும்பி வந்த மறுநாளே உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எழுத்தில் தாருங்கள் என்றார்கள், மின்னஞ்சல் அனுப்பினேன். ஓகஸ்ட் 21ஆம் திகதி வந்த பதிலில் இரண்டே வரி: காலநிலை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது, ஒப்பந்தத்தின் 11ஆம் நிபந்தனையைப் பார்க்கவும். பார்த்தேன். அதனால்தான் இந்த முறை நீளமாக எழுதுகிறேன்.

மழை பெய்தது என்று நான் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. எந்த நாளில் மழை பெய்யும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எந்த மாதத்தில் எந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும் என்பது தெரிந்த விடயம். நாங்கள் சோளகம் என்கிற தென்மேல் பருவக்காற்று மே மாதம் தொடங்கினால் புக்கெட், கிராபி இருக்கிற அந்தமான் கடற்பக்கம் ஒக்டோபர் வரைக்கும் அலையும் மழையும்தான். அதே ஓகஸ்டில் தாய்லாந்தின் மறுபக்கத்தில், வளைகுடாவில் இருக்கிற கோ சமுயி தீவில் பெரும்பாலும் வெயிலடிக்கும். அங்கே பெருமழை வருவது ஒக்டோபருக்குப் பிறகு. பாங்கொக்கிலிருந்து சமுயிக்கும் விமானம் போகிறது. ஏறக்குறைய புக்கெட்டுக்குப் போகிற நேரம்தான் அதற்கும். எங்களுக்கு அந்தப் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை.

கொழும்பில் இருக்கிற ஒரு நிறுவனத்துக்கு இதைப் படிப்பிக்க வேண்டிய நிலை வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். இந்தக் கடிதத்தை எங்கள் வீட்டுப் பல்கனியில் இருந்து எழுதுகிறேன். எதிரே ரயில் பாதைக்கு அப்பால் கருங்கல்லில் அலை மோதித் தண்டவாளம் வரைக்கும் தெறிக்கிறது. இதே நாட்களில் நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், சின்னப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நின்று விளையாடுவார்கள். நடுவில் மலைநாடு காற்றை மறிக்கிறது. தாய்லாந்திலும் மலைத்தொடர் இருக்கிறது, கரை இரண்டு இருக்கிறது, காற்றும் இதே காற்றுதான். உங்கள் அலுவலகத்தில் முற்பணம் கட்ட நான் வரிசையில் நின்றபோது காசாளருக்குப் பின்னால் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தது. "ஓகஸ்டில் நிலாவெளி, டிசம்பரில் பெந்தோட்டை." ஆக, உள்நாட்டுக் கடலை விற்கும்போது மாதம் பார்த்துத்தான் விற்கிறீர்கள்.

என் பிழையும் இதில் உண்டு, மறைக்கவில்லை. என் அப்பா பருத்தித்துறைக்காரர். "சோளகத்துக்கு எங்கட கடல் படுத்துக்கிடக்கும், கொழும்புக் கடல் எழும்பி நிக்கும். வாடைக்கு எல்லாம் மாறும்" என்று நூறு தரம் சொல்லியிருப்பார். வெளிநாடு என்றதும் அது வேறு கடல் என்று நினைத்துவிட்டேன். இருந்தாலும் ஒரு சந்தேகத்தில் ஜூன் 3ஆம் திகதி உங்கள் உத்தியோகத்தரிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன்: "ஓகஸ்டில் புக்கெட் கடலில் பிள்ளைகள் குளிக்கலாமா?" நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: "வருசம் முழுக்கப் பிரச்சினை இல்லை மிஸ், அது தாய்லாந்து." அந்தப் பதிலின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். 11ஆம் நிபந்தனைக்கு எதிரில் அதை வைத்துப் பாருங்கள்.

இனி நடந்தது. எங்கள் ஹோட்டல் கரோன் கடற்கரைக்கு எதிரே, வீதியைக் கடந்தால் மணல். ஹோட்டலில் ஒரு குறையும் இல்லை. 12ஆம் திகதி பின்னேரம் போய் இறங்கியதும் பிள்ளைகள் உடுப்பு மாற்றிக்கொண்டு ஓடினார்கள். மணலில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. காலை நனைக்கப் போன மகனைப் பார்த்து உயிர்காப்பாளர் ஒருவர் ஊதல் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். மேற்பரப்பில் அலை குறைவாகத் தெரிகிற இடத்தில்தான் தண்ணீர் ஆளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் என்று கையால் காட்டி விளங்கப்படுத்தினார். 13ஆம் திகதி சிவப்புக் கொடி. 14, 15 இரண்டு நாளும் அதேதான். மகள் புறக்கோட்டையில் வாங்கிய நீலப் பிளாஸ்டிக் வாளியைப் பயணப் பையில் வைக்க இடமில்லாமல் கையிலேயே கொண்டு வந்தவள். மணல்வீடு கட்டத் தண்ணீர் வேண்டுமே. ஹோட்டல் நீச்சல் தடாகத்தில் அள்ளி, என் கையைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்து, பாதி சிந்தியும் சிந்தாமலும் கொண்டுபோய் மணலில் ஊற்றினாள். நான்கு நாளும் இதுதான் அவளுடைய கடல். நீச்சல் தடாகத்துக்காக நாங்கள் கடல் தாண்டிப் போகத் தேவையில்லை, கொழும்பிலேயே இருக்கிறது.

மாயா குடா விடயம் இதைவிட மோசம். நீங்கள் தந்த பயண நிரலின் மூன்றாம் பக்கத்தில், ஆறாம் நாள், தடித்த எழுத்தில் "பீபீ தீவுகள், மாயா குடாவில் நீச்சல்" என்று இருக்கிறது. கூட்டம் தாங்காமல் பவளப்பாறை அழிந்ததால் அந்தக் குடாவை 2018இல் மூடினார்கள், 2022 ஜனவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் 1 முதல் செப்டெம்பர் 30 வரை மூடிவிடுகிறார்கள். திறந்திருக்கிற மாதங்களிலும் அங்கே நீந்த விடுவதில்லை, கரையோரம் கால் நனைக்கலாம், அவ்வளவுதான். அப்படியென்றால் உங்கள் நிரலில் இருக்கிற அந்த வரி எங்களுக்கு மட்டுமல்ல, எந்த மாதத்தில் யார் போனாலும் பொய். 14ஆம் திகதி விரைவுப் படகு அலையில் தூக்கித் தூக்கிப் போட, மாமி மூன்று தரம் சத்தி எடுத்தார். குடாவின் வாசலுக்குச் சற்றுத் தள்ளிப் படகை நிறுத்திய வழிகாட்டி கையை நீட்டி, அதுதான் மாயா குடா என்றார். உள்ளே போகவில்லையா என்று மகன் கேட்டான். அந்த வழிகாட்டிப் பையன் சிரித்துவிட்டு, "எல்லா ஓகஸ்டும் பூட்டுத்தானே, உங்கள் ஊரில் சொல்லவில்லையா?" என்று எங்களைக் கேட்டான்.

பாங்கொக்கில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 10ஆம் திகதி பெரிய அரண்மனை பார்க்கும் நாள். மகன் தான் அதிகம் காத்திருந்தான். அரண்மனைக் கோயிலின் சுற்றுப் பிராகாரத்தில் அவர்களுடைய இராமாயணத்தை 178 பகுதிகளாகச் சுவரில் வரைந்திருக்கிறார்கள், அதில் இலங்கையை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் வாகனம் எங்களை நேரே ஒரு மாணிக்கக் கடைக்குக் கொண்டுபோனது. நிரலில் இல்லாத கடை. இருபது நிமிடம் என்றார்கள், ஒன்றரை மணித்தியாலம் வைத்திருந்தார்கள். இரத்தினபுரி இருக்கிற நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு நீலக்கல் காட்டி விலை பேசுகிறார்கள்! ஒரு காலத்தில் தாய்லாந்து வியாபாரிகள் நம்மிடம் கெவுடா என்கிற வெளிறிய கல்லை மலிவாக வாங்கிப்போய்ச் சூடேற்றி நீலக்கல்லாக்கி விற்ற கதை கணவருக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லத் தொடங்கியதும் விற்பனைப் பெண் எங்களுக்குத் தேநீர் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அரண்மனை வாசலுக்குப் போனபோது மூன்றே முக்கால். நுழைவுச்சீட்டு மூன்றரைக்கு முடிந்துவிடும். மறுநாள் பின்னேரம் வரைக்கும் மிதக்கும் சந்தைக்கு ஒதுக்கியிருந்தீர்கள், அதற்கடுத்த நாள் காலையில் புக்கெட். மகன் வாசலில் நின்று மதிலைப் படம் எடுத்துக்கொண்டு வந்தான்.

அந்தப் புக்கெட் விமானத்தையும் தவறவிட்டோம். பாங்கொக்கில் விமான நிலையம் இரண்டு: நகரத்துக்குக் கிழக்கே சுவர்ணபூமி, வடக்கே டொன் முவாங். எங்கள் டிக்கெட் டொன் முவாங்கிலிருந்து. நீங்கள் சாரதிக்குக் கொடுத்த தாளில் "பாங்கொக் விமான நிலையம்" என்று மட்டும் இருந்தது, அவர் சுவர்ணபூமியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அடுத்த விமானத்துக்கு ஐந்து டிக்கெட், கணவரின் அட்டையில் 86,400 ரூபா.

இதற்கு முன்பே இன்னொரு சிறு தொகை போயிருந்தது. வருகை அட்டை நிரப்பித் தருவதற்கு ஆளுக்கு 4,500 ரூபா எடுத்தீர்கள். பற்றுச்சீட்டில் அதை "அரச கட்டணம்" என்று எழுதியிருக்கிறது. 2025 மே 1 முதல் தாய்லாந்து கேட்கிற அந்த இலத்திரனியல் அட்டைக்கு ஒரு சதமும் கட்டணம் இல்லை. சேவைக் கட்டணம் என்று எழுதியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 11ஆம் திகதி பின்னேரம் சீலோம் வீதி மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர் கட்டிய கோயில். வரிசையில் நின்றவர்களில் பாதிக்கு மேல் தாய்லாந்து இளம் பிள்ளைகள், கையில் செவ்வந்தி மாலையும் தேங்காயும். மாமி அங்கிருந்து எழும்பவே மாட்டேன் என்றார். அவருக்கு இது நல்லூர்த் திருவிழாக் காலம், கொடியேறினால் மச்சம் தொடமாட்டார். சைவச் சாப்பாடு என்று இரண்டு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தும், வந்த மரக்கறிக் கறியிலெல்லாம் மீன் சாறு மணந்தது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அந்தச் சாரதிதான். "ஜே" என்று மஞ்சள் கொடியில் எழுதியிருக்கிற கடையில் சாப்பிடுங்கள், அங்கே மீன் சாறு, முட்டை, பூண்டுகூட இருக்காது என்றார். விமான நிலையம் மாறிப்போனதில் அவர் மேல் பழி போட்டுவிடாதீர்கள், தாளில் இருந்த இடத்துக்குத்தான் அவர் கொண்டுபோனார்.

நான் கேட்பது இவ்வளவு. இரண்டாம் தரம் வாங்கிய விமான டிக்கெட்டுக்கு 86,400 ரூபா. வருகை அட்டைக்கு எடுத்த 22,500. பீபீ தீவுப் பயணத்துக்கு உங்கள் விலைப்பட்டியலில் உள்ளபடி 72,500. பார்க்காத அரண்மனைக்கு நான்கு நுழைவுச்சீட்டு, ஒன்று 500 பாத் படி 18,500 ரூபா (மகள் 120 சென்ரிமீற்றருக்குக் குறைவு, அவளுக்குச் சீட்டுத் தேவையில்லை). மொத்தம் 1,99,900 ரூபா. புக்கெட் ஹோட்டல் காசைக் கேட்கவில்லை, அந்த ஹோட்டல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று உங்கள் உத்தியோகத்தர் தொலைபேசியில் சொன்ன யோசனை எங்களுக்கு வேண்டாம். காசோலையாகத் தாருங்கள்.

செப்டெம்பர் 16ஆம் திகதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தின் பிரதியை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும் கையளிப்பேன். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால் அதற்குமேல் காத்திருக்க என்னால் முடியாது.

இன்னொன்று. எங்கள் மாடியில் குடியிருக்கிற குடும்பம் வருகிற ஓகஸ்டுக்கு உங்கள் அதே துண்டுப்பிரசுரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறார்கள். மூன்றாம் பக்கத்தை மாற்றி அச்சடித்ததும் ஒன்றை எனக்கு அனுப்புங்கள், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இணைப்பு: பற்றுச்சீட்டு, பயண நிரல், ஜூன் 3ஆம் திகதி வட்ஸ்அப் உரையாடலின் படம், சாரதிக்குக் கொடுத்த தாளின் படம், விமான டிக்கெட் ஐந்து, கடற்கரைக் கொடியின் படங்கள் நான்கு (திகதி தெரியும்படி).

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(ஒப்பம்)