மகனுக்கு: வீட்டுக் கடிதம் எழுதுவது பற்றி

கடிதம் எண் 4
சிங்கப்பூர், ஞாயிறு, 9 மார்ச் 2025

அன்புள்ள மகனுக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். நீ ஊழியம் செய்யும் வட தாய்லாந்தின் சியாங் ராயில் இது புகைக்காலம். பிள்ளைகளுக்கு இருமல் இருக்கிறதா என்பதை முதலில் எழுது. வீடு முழுவதையும் காக்க முடியாவிட்டாலும், அவர்கள் படுக்கும் ஓர் அறையையாவது ஜன்னல் இடுக்குகளை அடைத்து, காற்று வடிகட்டியோடு வைத்துக்கொள்.

உன் ஜெபமடல் சபைக்கு ஒழுங்காக வருகிறது. ஒரு பக்கம், ஒரு படம், மூன்று ஜெபக்குறிப்பு. அது அப்படியே இருக்கட்டும். எங்களுக்கு நீ எழுத வேண்டியது வேறு. அரிசி என்ன விலை, யாருக்குக் காய்ச்சல், உடன் ஊழியரோடு எதில் மனத்தாங்கல், எந்த வாரம் ஜெபிக்கவே மனம் வரவில்லை என்பதெல்லாம் ஜெபமடலில் வராது, வரவும் கூடாது. வீட்டுக் கடிதத்தில் அவை இல்லாவிட்டால் வேறெங்கும் இருக்காது.

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அங்கிருந்து போன கடிதங்களை ஜெர்மனியில் ஹாலே நகரத்தார் 1710 முதல் அச்சிட்டார்கள். ஆதரவாளர் மனம் கோணாதபடி திருத்திச் சுருக்கித்தான் அச்சிட்டார்கள். தமிழரின் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி அனுப்பிய நூலை அச்சிட அவர்களுக்கு மனமில்லை. கையெழுத்துப் பிரதியை மட்டும் எறியாமல் வைத்தார்கள். அது அச்சேறியது 1867இல், 154 ஆண்டு கழித்து. ஊருக்குப் படிக்கக் கொடுத்தது ஒன்று, பெட்டியில் இருந்தது இன்னொன்று. நீ பெட்டிக்கும் சேர்த்து எழுத வேண்டும்.

மருமகளும் தன் கையால் எழுதட்டும். இதை நான் வற்புறுத்திக் கேட்கிறேன். ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1793இல் வங்காளம் போனபோது, முதலில் வர மறுத்த மனைவி டாரதி கடைசி நேரத்தில்தான் இணங்கினார். 1794இல் மகன் பீட்டர் இறந்தபின் அவருக்கு மனநலம் கெட்டது. 1807இல் இறக்கும்வரை தேறவில்லை. கேரி எழுதிய கடிதங்கள் ஏராளம். டாரதியோ திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் குறி போட்டவர். அவர் பட்டதெல்லாம் இன்று மற்றவர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. ஊழியத்தின் பாதிச் சுமையைச் சுமக்கிறவளின் பக்கம் நம் குடும்பத்தில் அப்படிக் காணாமல் போக வேண்டாம். அவள் எழுதுவதை நீ திருத்தாதே.

இனி எழுதும் முறை. ஒவ்வொரு கடிதத்துக்கும் தொடர் எண் போடு. நடுவில் ஒன்று வராமல் போனால் எண்தான் காட்டிக்கொடுக்கும். தேதியை முழுதாக எழுது. தாய்லாந்தின் புத்த ஆண்டுக் கணக்கில் 2025 என்பது 2568. மருத்துவமனைச் சீட்டு, பள்ளிச் சான்று எதைப் பார்த்து எழுதினாலும் 543ஐக் கழித்துவிட்டு எழுது. வெறும் ‘68’ என்று போட்டால் பிற்பாடு படிக்கிறவர் 1968 என்று நினைப்பார். மாதத்தையும் எழுத்தில் எழுது. 3/4 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று யாருக்கும் தெரியாது.

தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள ஏ4 போதும். அஞ்சல் எடையில் ஒரு தாள் 5 கிராம், நான்கு வைத்தால் 20, உறை தனி. இரண்டு பக்கமும் எழுதினால் அழுத்தி எழுதாதே. இடப்பக்கம் 2 சென்டிமீட்டர் விடு, பக்க எண்ணை 1/4, 2/4 என்று போடு. ஊற்றுப்பேனாவின் சாதாரண நீலமை ஈரம் பட்டால் கரையும், வெயிலில் வெளிறும். கறுப்பு நிறமி (பிக்மென்ட்) மை நிற்கும். அது கிடைக்காவிட்டால் 2பி பென்சில் எடு. பென்சில் கரி தண்ணீரில் ஓடாது, வெளிறவும் செய்யாது. கடைச்சீட்டை அப்படியே உறைக்குள் வைக்காதே. வெப்பத்தாளில் அச்சானது சீக்கிரம் வெறுந்தாளாகிவிடும். விலையைக் கையால் எழுதி அனுப்பு.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களின் முழுப்பெயர் வேண்டாம். தகப்பன் வீட்டில் சொல்லாமல் வருகிறவர்கள் இருப்பார்கள். ஓரெழுத்தும் கிராமத்துக்கு ஓர் எண்ணும் போடு. எந்த எழுத்து யார் என்ற பட்டியலைத் தனி உறையில், தனி நாளில் அனுப்பு.

குரல்பதிவு கேட்க இனிமைதான், ஆனால் போன் மாறினால் போய்விடும். முக்கியமானதை வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அன்றே நாலு வரி தாளில் எழுதிவை.

இங்கே பாதுகாப்பது எங்கள் பாடு. இந்த ஊர்க் காற்றில் ஈரம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல். வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பழைய தாள்களை பாம்ப் ஷெல்டர் என்னும் தடித்த சுவர்ப் பாதுகாப்பு அறையில் அடுக்குவது வழக்கம். அங்கே காற்றோட்டம் குறைவு, பூசணம் பிடிக்கும். ஆகவே கேமரா வைக்கும் உலர்பெட்டியில், 45 முதல் 50 சதவீத ஈரத்தில் வைப்போம். மடிப்பை விரித்து, பின்னைக் கழற்றி (துருவேறித் தாளை அரிக்கும்), பாலிப்ரொப்பிலீன் உறையில் போடுவோம். பிவிசி உறை எழுத்தை ஒட்டிக்கொள்ளும். ரப்பர் வளையம் உருகி ஒட்டும். கிழிசலுக்கு ஒட்டுநாடாவும் வேண்டாம், லேமினேட்டும் வேண்டாம், இரண்டையும் பிறகு தாள் கெடாமல் பிரிப்பது கடினம். இராமபாணப் பூச்சி தெரிந்தால் பையில் இறுக மூடி இரண்டு வாரம் உறைபெட்டியில் வைக்க வேண்டும்.

உன்னிடம் இருக்கும் பழைய கடிதங்கள் மழையில் நனைந்தால் இஸ்திரி போடாதே, பிரித்து இழுக்காதே. 48 மணி நேரத்துக்குள் பூசணம் தொடங்கும். உடனே உலர்த்த முடியாவிட்டால் பையில் போட்டு உறையவை, பிறகு ஒவ்வொன்றாக நிழலில் காயவிடு.

வந்ததும் ஒவ்வொரு தாளையும், உறையையும், அஞ்சல் முத்திரையோடு 400 டிபிஐயில் ஸ்கேன் செய்கிறோம். கோப்புப் பெயர் தேதியில் தொடங்கி, கடித எண்ணில் முடியும். இந்தக் கடிதம் என்றால் 2025-03-09-04. எங்கள் வீட்டில் இரண்டு கணினி வட்டுகளில் நகல், உன் அக்காள் வீட்டில் ஒரு நகல்.

பிள்ளைகள் கிறுக்கிய படமும் அனுப்பு. பின்பக்கம் பென்சிலால் பெயர், வயது, தேதி. மே மாதம் மழை தொடங்குமுன் கூரை பார்த்தாயா? கடிதம் எண் 3 உனக்கு வந்து சேர்ந்ததா என்றும் எழுது.

அம்மா மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா