வாசுகிக்கு, புள்ள டொக்டரைப் பத்தி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் வாசுகி,

உன்ட கடிதம் கிடைச்சது. இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாட முழங்கால் நோவு கொஞ்சம் குறைவு. மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு நடந்தே வருவன் எண்டு நிக்கிறா. நம்மட பெரிய டீச்சர் பென்ஷன் எடுத்திட்டா, ஆனா கலியாண வீட்டிலயும் பாடம் எடுக்கிறதை விடல்ல. உன்ட படத்தைக் காட்டினன். "ஹொஸ்டல் பல்லிக்கா இந்த வயிறு!" எண்டு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு ரெண்டாந்தரம் பாத்தா.

சரி, விசயத்துக்கு வாறன். கடைசிப் பக்கத்தில ஒரு வரி எழுதியிருந்தாய்: "புள்ளைக்கு ஸ்பெஷலிஸ்டைப் பாக்கிறதா, நர்ஸ் பிரக்டிஷனரைப் பாக்கிறதா? வெறும் நர்ஸ் எண்டா பயமா இரிக்கி." வெறும் நர்ஸாங்கா? ஆருக்கு எழுதுறாய் எண்டு நினைச்சு எழுதினாய்? புள்ளைகள்ட வாட்டில நான் நைட் செய்யாத கிழமை இல்ல. அந்த வரியை வாசிச்சிட்டு டியூட்டிக்குப் போனன். ஒவ்வொரு கட்டிலா ரோந்து போகக்கொள்ளயும் உனக்கு மறுமொழி சொல்லிக்கொண்டே நடந்தன். கோவம் இப்ப போயிட்டு. சொல்ல நினைச்சது போகல்ல.

முதல் ஒண்டை விளங்கிக்கொள். அங்க அமெரிக்காவில நர்ஸ் பிரக்டிஷனர் எண்டா என்னைப் போல ஆள் இல்ல. காய்ச்சலில துடிக்கிற புள்ளையைக் கண்டா நான் உடம்பைத் துடைப்பன், சூடு பாப்பன், டொக்டரை எழுப்புவன். மருந்து எழுதுறது அவர்ட கை. உன்ட ஊரில அவ நர்ஸிங் பட்டம் முடிச்சு, அதுக்கு மேல மாஸ்டர்ஸோ டொக்டரேட்டோ படிச்சு, நோயைக் கண்டுபிடிச்சு மருந்தெழுதுற அனுமதி எடுத்தவ. நீ இரிக்கிற டெக்சஸில அப்பிடி மருந்தெழுத ஒரு டொக்டரோட எழுத்தில உடன்படிக்கை இரிக்கவும் வேணும். அதால அவ தனிய நிக்கிற ஆள் இல்ல.

இந்தப் படிப்புத் தொடங்கினதே புள்ளைகளுக்காகத்தான். 1965இல கொலராடோ பல்கலைக்கழகத்தில லொரெட்டா ஃபோர்ட் எண்ட நர்ஸும் ஹென்றி சில்வர் எண்ட புள்ள டொக்டரும் சேர்ந்து ஆரம்பிச்சது. டொக்டர்மார் போய்ச் சேராத ஊருகள்ல புள்ளைகளை ஆர் பாக்கிற எண்ட கவலையில பிறந்த யோசனை அது. அந்த அம்மா 104 வயசு மட்டும் இருந்து 2025 ஜனவரியில தான் காலமானவ. அண்டைக்கு வாட்டில நாங்க அவவைப் பத்திக் கதைச்சம். நாங்க கண்ணால காணுறதை எழுதுறதுக்கு ஒரு வழி செஞ்சு குடுத்த மனிசி.

மறுகா, கொக்கட்டிச்சோலையில என்ட தங்கச்சிக்கு நடந்ததைக் கேள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுறன்.

அவளுக்கு மகன் பிறந்தது தெரியும் தானே? நாலாம் நாள், வியாழக்கிழமை. காத்துப் படக்கூடாது எண்டு மாமி ஜன்னலுக்குச் சீலை போட்டு அறையை இருட்டாக்கி வைச்சிருக்கிறா. புள்ளையை நிபுணருக்குக் காட்டுறதுக்கு டவுனில ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிஞ்சு நம்பரும் எடுத்தாச்சு. அண்டைக்குக் காலமை மிட்வைஃப் ஸ்கூட்டியில வந்திரிக்கிறா. தேத்தண்ணியும் வேணாம் எண்டிட்டு, "புள்ளையை வாசலுக்குக் கொண்டு வாங்க" எண்டா. வெளிச்சத்தில வைச்சு நெத்தியை விரலால அமத்தி எடுத்தா. பிறகு நெஞ்சை. பிறகு உள்ளங்காலை. அமத்தின இடமெல்லாம் மஞ்சள். உள்ளங்கால் வரைக்கும் இறங்கியிருந்தது.

"நேத்து எத்தினை தரம் மூத்திரம் போனது?" எண்டு கேட்டா. தங்கச்சிக்குச் சொல்லத் தெரியல்ல. மாமி பெருமையா, "புள்ள சோலியே இல்ல, பாலுக்கும் எழும்பாம நல்லா நித்திரை கொள்ளுது" எண்டா. அந்தச் சொல்லோட மிட்வைஃப்ட முகம் மாறிப்போச்சாம். அந்த இடத்திலேயே கடிதம் எழுதி, ஆட்டோவைப் பிடிச்சு ஏத்தி, வாட்டுக்கு ஃபோனும் பண்ணிட்டுத்தான் போனவ.

இரத்தம் சோதிச்சா, மஞ்சள் காமாலையைக் குடுக்கிற பில்லிரூபின் கடுமையா ஏறியிரிக்கி. தாய்க்கு ஓ குறூப் இரத்தம், புள்ளைக்கு பி. தாய்ட இரத்தத்தில இருந்து போனது புள்ளைட இரத்தத்தை உடைச்சுக்கொண்டு இருந்தது. அந்தப் பில்லிரூபின் மூளைக்குப் போனா காது கேளாமப் போகும், கைகால் இழுத்துப் போகும். புள்ளையை நீல வெளிச்சத்தில போட்டாங்க. நிபுணர் அண்டிரவே வந்தார். எத்தினை மணித்தியாலத்தில எவ்வளவு ஏறினது எண்டு கோடு கீறிப் பாத்து, இரத்தம் மாத்த வேண்டி வருமா எண்டு யோசிச்சது அவர். மாத்தாமத் தப்பினம். இப்ப அவன் கையைக் காலை அடிச்சுச் சிரிக்கிறான்.

அதைக் கண்டது மிட்வைஃப். கரையேத்தினது நிபுணர். ஞாயிறு வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்திருந்தா அவருக்குச் செய்யிறதுக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் எண்டு நினைக்க எனக்கு இப்பவும் கை நடுங்குது.

உனக்கு வாசல்ல ஸ்கூட்டி வந்து நிக்காது வாசுகி. ரெண்டு நாளில ஆஸ்பத்திரியால அனுப்பிடுவாங்க. மூண்டாம் நாளுக்கும் அஞ்சாம் நாளுக்கும் இடையில புள்ளையைக் காட்ட வேணும் எண்டு அங்க புள்ள டொக்டர்மார்ட வழிகாட்டல் இரிக்கி. மஞ்சளும் அந்த நாளுகள்ல தான் ஏறும். அதால நீ அந்தக் கிளினிக்கில கேக்க வேண்டிய முதல் கேள்வி இது தான்: என்ட புள்ளையை அந்த நாளில ஆர் பாப்பீங்க? டொக்டர்ட இடம் ரெண்டு கிழமைக்கு இல்ல, நர்ஸ் பிரக்டிஷனர் அடுத்த நாளே பாப்பா எண்டு நீயே எழுதியிரிக்கிறாய். போன முறை உன்ட சினேகிதியோட போகக்கொள்ள அவ அரை மணித்தியாலம் இருந்து கதைச்சதாயும் எழுதினாய். உன்ட இடத்தில நான் நிண்டா அவட்டயே போவன்.

ஆனா கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்லல்ல. புள்ள டொக்டர் மெடிக்கல் படிச்சு முடிச்சு, அதுக்கு மேல மூண்டு வருசம் புள்ளைகளை மட்டும் பாத்துப் பழகினவர். ஆயிரத்தில ஒண்டாய் வாற வருத்தத்தைக் கண்டு பிடிக்கிறதுக்கு அந்த மூண்டு வருசம் வேணும். அது வேற ஒருத்தருக்கும் இலேசில வராது. உன்ட புள்ள மாசம் முடிய முந்திப் பிறந்தா, இருதயத்தில சத்தம் கேட்டா, நிறை ஏறாட்டி, யோசிக்காம டொக்டரிட்ட போ.

அதோட அந்த நர்ஸ் பிரக்டிஷனர் எந்தப் பிரிவு எண்டும் கேள். குடும்ப நர்ஸ் பிரக்டிஷனர் எண்டா பெரியாக்கள், சின்னாக்கள் எல்லாருக்கும் படிச்சவ. பீடியாட்ரிக் எண்டா புள்ளைகளுக்கெண்டே படிச்சவ. எனக்குத் தெரிஞ்ச மட்டில ரெண்டாமவ தான் உனக்கு வேணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோனை எடுக்கிறது ஆர் எண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் தான் பாப்பாவா எண்டும் கேட்டு வை. இஞ்ச நிபுணருக்கு இரவு ஒன்பது மணி மட்டும் கதிரையில இருந்து, ரெண்டு நிமிசத்தில வெளியில வந்து, கேக்க நினைச்சதை வாசல்ல நிண்டு யோசிக்கிற தாய்மாரை நான் நெடுகக் காணுறன். நீ அப்பிடி நிக்கக் கூடாது.

இன்னொண்டையும் சுவரில எழுதி ஒட்டு. மூண்டு மாசம் முடியாத புள்ளைக்கு 38 பாகை சூடு, உங்கட கணக்கில 100.4, வந்தா பனடோல் குடுத்துப் பாப்பம் எண்டு நிக்காதே. ஃபோனைப் பண்ணிக்கொண்டே எமர்ஜென்சிக்குப் போ.

உன்ட அம்மாவுக்கு விசா கிடைச்சது பெரிய ஆறுதல். ஆனா அவ கோரோசனையும் தேனும் கொண்டு வருவா, எனக்குத் தெரியும். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலும் கிளினிக்கில சொல்லுற மருந்தும் தவிர ஒரு துளியும் வேணாம். தேன் ஒரு வயசு முடியும் வரைக்கும் கூடவே கூடாது. நான் சொன்னதெண்டு சொல். என்னோட கோவிக்கட்டும்.

சரக்குத்தூள் வறுத்து இடிச்சு அம்மாட்டக் குடுத்து விடுறன். காரம் உன்ட வாய்க்குத் தக்கபடி குறைச்சுத்தான். கிளினிக்கில கேட்டிட்டு அவ என்ன சொன்னா எண்டு ஒண்டும் விடாம எழுது. உன்ட மனிசனையும் கூட்டிக்கொண்டு போ. பயத்தில உனக்குப் பாதி காதில விழாது.

அன்புடன்,
ரதி