காளிக்கு நட்ட கல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போட்டோக்கள் வந்தன. உன் நாய்க்குட்டி என்னமாய் வளர்ந்துவிட்டது! பெங்களூர் கப்பன் பார்க்கில் நாய்களுக்கென்றே வேலி போட்டு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று சொன்னால் அப்பா நம்பமாட்டேன் என்கிறார். "மனுஷன் உட்காரவே இடமில்லாத ஊர்" என்று ஆரம்பித்துவிட்டார். அவரை விடு.

நீ அந்தப் பார்க்கில் ஓடுகிறாய், நாயை ஓடவிடுகிறாய், ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் வராத ரோட்டில் நடக்கிறாய், புல்தரையில் மௌனமாகப் புத்தகம் படிக்கிற கூட்டத்தோடு போய் உட்காருகிறாய். எல்லாம் சரிதான். சுற்றிலும் என்ன இருக்கிறது என்று மட்டும் நிமிர்ந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. அதற்காகத்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் அல்சூரில் உன் பெரிய மாமா வீட்டில் தங்கி வேலைக்குப் போனது உனக்குத் தெரியும். என் ஆபீஸ் அந்தப் பார்க்கை ஒட்டி இருந்தது. மத்தியான டிபன் டப்பாவை அங்கே மரத்தடியில்தான் திறப்போம். அந்தக் காலத்தில் அல்சூர், சிவாஜி நகர் பக்கத்தைத் தண்டு என்பார்கள். வெள்ளைக்காரப் பட்டாளமும், அதை நம்பிப் பிழைக்கப் போன நம் ஜனங்களும் இருந்த பகுதி. பார்க்குக்கு அந்தண்டை பேட்டை, கன்னடக்காரர்களின் பழைய ஊர். நடுவில் இந்தப் பச்சை. ஒரே ஊர் மாதிரி இப்போது தெரிகிறது, வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டும் தனித்தனி நிர்வாகம். எம்.ஜி. ரோடு முனையில் விக்டோரியா ராணி சிலை நிற்கிறதே, 1906இல் திறந்தது, அது தண்டுப் பக்கம் பார்க்கின் வாசல்.

பார்க் அமைத்தது 1870இல், மைசூர் ராஜ்யத்தின் தலைமை இன்ஜினியராக இருந்த ரிச்சர்ட் சாங்கி. முதலில் நூறு ஏக்கர்தான், பிறகு முந்நூறு வரை விரிந்தது. கப்பன் என்பவர் 1834 முதல் 1861 வரை அங்கே கமிஷனராக ஆட்சி செய்தவர். ஊருக்குத் திரும்பும் வழியில் சூயஸில் செத்துப்போனார், பார்க்கைப் பார்க்கவே இல்லை. முதலில் அதற்கு மீட்ஸ் பார்க் என்றுதான் பெயர். 1927இல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திரர் பெயரை அதிகாரபூர்வமாக வைத்தும் பார்த்தார்கள். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பார், எங்கே கொண்டு போய் விடுகிறார் என்று தெரியும்.

விதான சௌதாவுக்கு எதிரில் சிவப்பாக நீளமாக ஒரு கட்டடம் பார்த்திருப்பாய், இப்போது ஹைகோர்ட். அட்டாரா கச்சேரி என்று சொல்வார்கள். பதினெட்டு இலாகாக்களுக்காக 1868இல் கட்டி முடித்தது. எடுத்துக் கட்டிய கான்டிராக்டர் யார் தெரியுமா? ஆற்காடு நாராயணசாமி முதலியார். நம்ம ஆற்காடுதான். அந்தச் சம்பாத்தியத்தில் அவர் தண்டில் பள்ளிக்கூடம் நடத்தினார். ஆர்.பி.ஏ.என்.எம். என்று போர்டில் பார்க்கிறாயே, அது ராய் பகதூர் பட்டத்தோடு சேர்ந்த அவர் பெயரின் எழுத்துகள். 1980களில் அந்தக் கச்சேரியை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்று அரசாங்கம் கிளம்பியது. எதிர்த்துக் கேஸ் போட்டார்கள். கேஸ் நடந்த கோர்ட்டும் அதே கட்டடத்துக்குள்தான்! எப்படியோ பிழைத்தது. 1998இல் பார்க் நிலத்திலேயே ஒரு பகுதியை எடுக்கப் பார்த்தபோதும் ஜனங்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். நீ சும்மா நடக்கிற அந்த நிழல் சும்மா கிடைத்ததில்லை.

ரோஜாத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் சிவப்பு லைப்ரரி, பாலக்காட்டுத் தமிழர் சேஷாத்ரி ஐயர் நினைவாக 1915இல் எழுந்தது. பதினெட்டு வருஷம் மைசூர் திவானாக இருந்தவர். சிவசமுத்திரத்தில் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்க ஏற்பாடு செய்ததும் அவரே. இரும்புத் தூண் வைத்த பேண்டு மேடை, குழந்தைகள் ரயில் எல்லாம் நீயே பார்த்துக்கொள்.

நான் சொல்ல வந்தது கஸ்தூர்பா ரோட்டில் இருக்கும் மியூசியத்தைப் பற்றி. 1865இல் தொடங்கியது. நம் எழும்பூர் மியூசியத்தை ஆரம்பித்த பல்ஃபூர் டாக்டருக்கு இதிலும் பங்கு உண்டு. இப்போதைய கட்டடம் 1877இல் சாங்கி போட்டது. உள்ளே போய், ஆதகூர் கல் எங்கே என்று கேள்.

அது ஒரு நாய்க்கு நட்ட கல். மண்டியா பக்கம் ஆதகூர் என்ற ஊரிலிருந்து கொண்டு வந்தது. கங்க அரசன் பூதுகனிடம் மணலேரன் என்று ஒரு வீரன் இருந்தான். அவன் போரில் காட்டிய துணிச்சலில் மகிழ்ந்து, "என்ன வேண்டும், கேள்" என்கிறான் அரசன். ஊரைக் கேட்கலாம், பொன்னைக் கேட்கலாம். அவனோ, "காளி என்ற உங்கள் நாயைக் கொடுங்கள்" என்கிறான்! அப்புறம் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு காளி மோதி, இரண்டும் செத்துவிழுந்தன. மணலேரன் கோயிலுக்கு முன்னால் கல் நட்டு, அதற்குப் பூசை நடக்க நிலமும் விட்டான். பூசை செய்யாமல் பூசாரி சாப்பிட்டால் பாவம் அவன் தலையில் என்று எழுதி வைத்திருக்கிறது. கல்லின் மேற்புறத்தில் நாயும் பன்றியும் கட்டிப்புரள்வதைச் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்து படிக்க வராவிட்டாலும் அது புரியும்.

இவ்வளவும் எந்தப் போருக்குக் கிடைத்த பரிசு என்கிறாய்? நம் தக்கோலம் போர், பாப்பா. கி.பி. 949. ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் ஒரு பக்கம், பராந்தக சோழன் மகன் ராஜாதித்தன் மறுபக்கம். கிருஷ்ணனுக்குத் துணையாக வந்த பூதுகன், யானை அம்பாரி மேலேயே ராஜாதித்தனைக் கொன்றான் என்று அந்தக் கல் பெருமையடிக்கிறது. நம் பக்கத்துச் சாசனங்கள் அதே சாவை 'ஆனைமேல் துஞ்சின' என்று சொல்லி வணங்குகின்றன. சென்னைக்குத் தண்ணீர் போகிறதே வீராணம் ஏரி, அதை வெட்டியவன் அவன்தான் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

அரக்கோணத்தில் பிறந்து வளர்ந்த உனக்குத் தக்கோலம் என்றால் ஜலநாதீஸ்வரர் கோயில், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் (சிஐஎஸ்எஃப்) பயிற்சி மையம், இரண்டும்தான் தெரியும். 2025இல் அந்த மையத்துக்கு ராஜாதித்தன் பெயரை வைத்தபோது அப்பா பேப்பரைக் காட்டிக்கொண்டே தெருவெல்லாம் போனார். தோற்றவனுக்கு இங்கே இப்போதுதான் பெயர்ப்பலகை வந்தது. அவன் தோற்றதைச் சொல்லும் கல் உன் ஓட்டப்பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஜெயித்தவர்கள் கதையை நாயோடு சேர்த்து எழுதியதுதான் எனக்குப் பிடித்தது. நான் அந்த ஊரில் இருந்த காலத்தில் மாமா கூட்டிப்போய்க் காட்டினார். சோழன் சாவைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டே இருந்தார், நான் காளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மியூசியத்துக்குத் திங்கட்கிழமை லீவு, மற்ற நாளிலும் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போ. உன் ஆபீஸ் தோழி கன்னடக்காரிதானே, அவளையும் கூட்டிக்கொள். கல்லில் இருக்கும் ஹளெ கன்னடம், அதாவது பழைய கன்னடம், அவளுக்கும் தண்ணி காட்டும், ஆனாலும் ஒன்றிரண்டு எழுத்தாவது கண்டுபிடிப்பாள். நாயை உள்ளே விடமாட்டார்கள்.

பொங்கலுக்கு வரும்போது தக்கோலத்துக்கு ஒரு நடை போய் வருவோம். ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, கடைசி நாளில் தட்கால் என்று அலையாதே. நாயையும் கூட்டி வருகிறாயா என்று எழுது. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அப்பா மாடிப்படிக் கீழே இடம் ஒழித்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா