கரும்புக் காட்டில் விழுந்த நெருப்பு

ஐயா,

பசிபிக் கடலில் உள்ள டினியன் தீவின் பழைய விமான ஓடுதளம் புதுப்பிக்கப்படுவது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 1945 ஆகஸ்டில் அணுகுண்டு விமானங்கள் அங்கிருந்து கிளம்பியதைச் சொல்லிவிட்டு, அதற்கு முந்தைய ஆண்டு அந்தத் தீவே எரிந்ததை விட்டுவிட்டீர்கள். ஜப்பான் வசமிருந்த அந்தத் தீவில் 1944 ஜூலை 24 அன்று அமெரிக்கப் படை கரையேறிய இரு கடற்கரைகளில் ஒன்றின் அகலம் சுமார் 60 கெஜம்தான். அதனால் ஜப்பானிய வீரர்களுக்கு மறைவிடம் எதுவும் மிஞ்சக் கூடாது என்று, பக்கத்துத் தீவான சைபனிலிருந்து வந்த பி-47 (P-47) போர் விமானங்கள் நாபாம் என்னும் கூழ் எரிபொருள் நிரப்பிய எரிபொருள் தொட்டிகளைக் கரும்புக் காடுகள் மீது போட்டன. ராணுவக் கணக்கில் அது சரி. ஆனால் அந்தக் கரும்பை நட்டு வளர்த்த ஜப்பானிய, ஒகினாவா, கொரியக் குடும்பங்களும் அப்போது தீவில்தான் இருந்தன.

நான் கரும்பு விவசாயி. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்புப் பயிருக்காகக் காய்ந்த தோகையைக் கொளுத்தும்போது, காற்று கொஞ்சம் திரும்பினாலும் வரப்பில் நிற்க முடியாது. வெடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கூப்பிடுவதுகூடக் கேட்காது. அதுவும் நாங்களே பார்த்துப் பார்த்து வைக்கிற தீ! பெட்ரோலைக் கூழாக்கி வானத்திலிருந்து ஊற்றினால் உள்ளே பதுங்கியிருப்பவர் எந்தப் பக்கம் ஓடுவார்? ஓடுதளம் பற்றி அடுத்து எழுதும்போது, அந்தக் கரும்புத் தொழிலாளர்களைப் பற்றியும் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

- ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்