ஆத்தங்கரை கல்மண்டபங்களுக்கும் பட்ஜெட்ல ஒரு பங்கு வைங்க: நெல்லை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மேயர் அவர்களுக்கும், கமிஷனர் அவர்களுக்கும், 55 வார்டு கவுன்சிலர் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வாரேன். நம்ம ஊர்ல பழைய கட்டடங்களை பழுது பாக்கதுக்குன்னு மாநகராட்சி பட்ஜெட்ல தனியா ஒரு மானியம் ஒதுக்கணும், சின்னத் தொகையா இருந்தாலும் பரவாயில்ல, ஆனா வருஷா வருஷம் வரணும். இதைத்தான் கேக்குதேன்.

பெரிய இடங்களைப் பத்தி நான் பேசல. நெல்லையப்பர் கோயிலுக்கு அறநிலையத்துறை இருக்கு, ஆதிச்சநல்லூருக்கு மத்திய தொல்லியல் துறை இருக்கு. நான் சொல்லுதது ஆத்தங்கரையில குறுக்குத்துறை, கைலாசபுரம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, மணிமூர்த்தீஸ்வரம்னு வரிசையா நிக்குத கல்மண்டபம், படித்துறை, அப்புறம் ரோட்டோரம் சாஞ்சு கெடக்க சுமைதாங்கிக் கல்லு, டவுன்ல தெருவுக்குள்ள இருக்க பழைய சத்திரம், இதெல்லாம்தான். யார்ட்ட போயி கேட்டாலும் ஆறு நீர்வளத்துறைக்குள்ளது, மண்டபம் கோயிலுக்குள்ளது, பாதை வேற யாருக்கோ உள்ளதுன்னுதான் பதில் வருது, கடைசில யாருக்கும் சொந்தமில்லாம அது பாட்டுக்கு இடிஞ்சிக்கிட்டு இருக்கு. தெருவுல நின்னு பாக்குதவங்க கவுன்சிலர்தான், அதனாலதான் உங்ககிட்ட வாரேன்.

ஒரு மண்டபத்து மேல ஆளை ஏத்தி பாக்கச் சொல்லுங்க. கூரைக்கல்லு மேல செங்கலும் சுண்ணாம்பும் வச்சு தளம் போட்டிருப்பாங்க, அது வெடிச்சிருக்கும், அந்த வெடிப்புல காக்கா எச்சத்துல விழுந்து மொளைச்ச அரசங்கன்னு ஒண்ணு நிக்கும். பாக்கதுக்கு நாலு இலைதான், ஆனா வேரு கல்லு இடுக்குல இறங்கி வருஷத்துக்கு வருஷம் பருத்து உத்தரத்தையே நெம்பிரும். திருவிழா வரும்போ ஆள் வச்சு மேலோட வெட்டுதாங்க, வெட்ட வெட்ட அது திரும்பத் தழைக்கத்தான் செய்யும். வேரைக் கொன்னு, இடுக்கை அடைச்சு, தளத்தைச் சரி பண்ணணும். ஒரு கொத்தனாரும் ரெண்டு கையாளும் பாக்குத வேலைதான் அது, இன்னைக்கு பாத்தா சின்னச் செலவு, உத்தரம் விழுந்த பிறகு கிரேன் வரணும். 2023 டிசம்பர் மழையில தாமிரபரணி கரை புரண்டு ஓடுனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், தண்ணி வடிஞ்ச பிறகு எந்த மண்டபத்துல அஸ்திவாரம் அரிச்சிருக்கு, எந்தப் படித்துறையில கல்லு நகண்டிருக்குன்னு வார்டு வாரியா ஒரு லிஸ்ட் இருந்தாத்தான் எதை முதல்ல தொடணும்னே தெரியும்.

காசு கொடுக்கதுலயும் ஒரு முறை வேணும், இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்லுதேன். பழைய சுண்ணாம்புக் கட்டடத்துல சிமென்ட் பூசுனா ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே தங்கி உப்புப் பூத்து செங்கல் பொடிப்பொடியா உதிரும். சுண்ணாம்பை ஊற வச்சு, அரைச்சு, கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் சேத்து பூசுத வேலை தெரிஞ்ச ஆள் வேணும், கருப்பட்டிக்கு நமக்கு உடன்குடி பக்கத்துலதான் இருக்கு. அந்தச் சாந்து இறுகதுக்கு நாளாகும். ஆனா மார்ச் 31க்குள்ள காசைச் செலவழிச்சாகணும்னா காண்ட்ராக்டர் என்ன செய்வாரு, பிப்ரவரியில சிமென்ட் மூட்டையை இறக்கி, கல்வெட்டு மேல எனாமல் பெயின்டை அடிச்சு, பில்லு போட்டுட்டுப் போயிருவாரு. குறைஞ்ச ரேட்டு கேட்டவங்களுக்கே வேலைங்கிற டெண்டர் முறை ரோடு போட சரி, இதுக்கு அது மட்டும் பத்தாது. சுண்ணாம்பு வேலை செஞ்ச அனுபவம் இருக்கவங்கதான் டெண்டர்ல கலந்துக்கலாம்னு கண்டிஷன் போடுங்க. தொகையை ரெண்டு வருஷத்துக்குச் செலவழிக்கலாம்னு அனுமதி வாங்குங்க.

இது நடக்காத காரியம் ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல 1966ல வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க, 1980ல அதைத் திருத்தி, மத்திய அரசோட பாதுகாப்பு நிதியில மாநிலத்துக்கு வாரதுல குறைஞ்சது 10 சதவீதத்தை தகுதி வாங்குன உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தே ஆகணும்னு வச்சாங்க. அந்த நிதிக்கு காசு கடல்ல எண்ணெய் எடுக்கத கம்பெனிங்க கட்டுத பணத்துல இருந்து வருது. தகுதி வாங்கணும்னா ஊருக்கு ஒரு பாதுகாப்பு விதி இருக்கணும், ஒரு குழு இருக்கணும், பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கணும், ஜனங்களைக் கேட்டு முடிவெடுக்கணும். இதுல நம்மளால முடியாதது எது, நீங்களே சொல்லுங்க. அவ்வளவு தூரம் போக வேண்டாம்னா பாண்டிச்சேரியில வைசியாள் வீதியைப் போயி பாத்துட்டு வாங்க, தமிழ் வீடுகளோட முகப்பை ஐரோப்பிய யூனியன் உதவியோட சரி பண்ணி, தெருவே திண்ணையும் தாழ்வாரமுமா பழையபடி நிக்குது.

நம்மகிட்டயே நமக்கு நாமே திட்டம் இருக்கு. குறைஞ்சது மூணுல ஒரு பங்கை ஜனங்க போட்டா மீதியை அரசாங்கம் போடுது. படித்துறையையும் மண்டபத்தையும் அதுக்குள்ள கொண்டு வர வழி பாருங்க, வேற எதுக்கோ நன்கொடை கொடுக்க நம்ம ஊர் வியாபாரிங்க இதுக்குக் கொடுக்க மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. கொக்கிரகுளத்துக்கும் வண்ணார்பேட்டைக்கும் நடுவுல நாம தினமும் பஸ்ல போற பாலமே 1843ல சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டுனதுதான்.

பாளையங்கோட்டையில கோட்டையோட மிச்சமா நிக்குத வாசல்ல 'மேடை போலீஸ் ஸ்டேஷன்'ங்கிற பேருல ஒரு போலீஸ் ஸ்டேஷன் இயங்குனதால அது இன்னைக்கும் முழுசா நிக்குது, ஆள் புழங்குத கட்டடம் சீக்கிரம் விழாது. அதனால மானியம் வாங்கி சரி பண்ணுத மண்டபத்தை கம்பி போட்டுப் பூட்டிராதீங்க. குளிக்க வாரவங்க துணி மாத்தட்டும், பெரியவங்க உக்காந்து பேசட்டும், சாயங்காலம் பிள்ளைங்க படிக்கட்டும்.

லிஸ்ட் எடுக்கதுக்கு செலவுன்னு பெருசா ஒண்ணும் ஆகாது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல வரலாறும் தொல்லியலும் படிக்க பிள்ளைங்களை மண்டலத்துக்கு ஒரு குழுவா விட்டா போட்டோ, அளவு, கல்வெட்டு, வெடிப்பு எல்லாத்தையும் பதிஞ்சு கொடுத்துருவாங்க, கூட ஒரு என்ஜினியரை மட்டும் அனுப்புங்க. வர்ற மாமன்றக் கூட்டத்துல கட்சி பாக்காம யாராச்சும் ஒருத்தர் இதைத் தீர்மானமா கொண்டு வாங்க. முதல் வருஷம் நாலு மண்டலத்துக்கும் ஆளுக்கு ஒரு மண்டபம் போதும், ஆனா அதை சுண்ணாம்புலயே செய்யுங்க, எவ்வளவு செலவாச்சுங்கிற கணக்கை அந்த மண்டபத்துப் பக்கத்துலயே போர்டுல எழுதி வைங்க.

இப்படிக்கு,
ஆத்தங்கரைக்கு தினமும் வந்து போற ஒரு நெல்லைக்காரன்