முதல் ஷிப்டுக்கு வண்டியில் போகும் மாப்பிள்ளைக்கு, குளிர்காலப் பேன்ட் பற்றி ஒரு கடிதம்

காவேரிப்பட்டணம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஓசூர் சிப்காட்டில் உனக்கு வேலை நிரந்தரமானதையும், இனிமேல் காலை ஆறு மணி ஷிப்டு என்பதையும் அக்கா சொன்னாள். கம்பெனி பஸ் நம் ஊர்ப் பக்கம் வராததால் வண்டியிலேயே போய்வரப் போகிறாயாம். குளிருக்கும் மழைக்கும் தாங்குகிற ரைடிங் பேன்ட் ஒன்று எடுக்க வேண்டும், எதை எடுப்பது என்று மாமாவிடம் கேள் என்றாயாம். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும் என்பதால் எழுதுகிறேன். விடியற்காலையில் இதே சாலையில் ஓசூருக்கு ஓட்டும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதால், அவர்களும் படித்துக்கொள்ளட்டும் என்று பொதுவிலேயே வைக்கிறேன்.

ஜிப் போய்விட்டது, பாட்டம் நீளம், இடுப்பு லூஸ் என்று ரைடிங் பேன்ட்கள் இப்போது என் தையல் கடைக்கும் வருகின்றன. லைனிங்கைப் பிரித்து உள்ளே என்ன வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று பார்க்கும் வாய்ப்பு எனக்கு அதனால்தான் கிடைக்கிறது. விளம்பரத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு பேன்ட்கள் உள்ளே பிரித்தால் வேறு வேறாக இருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பார்வையிலிருந்து வருவதுதான்.

முதலில் உன் சாலையைப் பார்ப்போம். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர் 900 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு என்பதால், வீட்டு வாசலில் நீ உணரும் குளிரைவிட இரண்டரை டிகிரி கூடுதலான குளிருக்குள்தான் தேசிய நெடுஞ்சாலை 44 உன்னைக் கொண்டுபோய் விடும். சூளகிரி ஏறும்போது மூடுபனி வேறு சேர்ந்துகொள்ளும். ஷிப்டு முடிந்து மதியத்துக்கு மேல் திரும்பும்போதோ, மார்கழியிலும் நம் பக்கம் வெயில் நன்றாகவே அடிக்கும். ஆகவே உனக்கு வேண்டிய பேன்ட் ஐரோப்பாக்காரன் பனிக்காலம் முழுவதும் கழற்றாமல் போட்டுக்கொள்ளும் பேன்ட் அல்ல. விடியலில் ஒரு மாதிரியும் மதியத்தில் வேறு மாதிரியும் இருக்கக்கூடிய பேன்ட்.

குளிர் என்றதும் தடிமனான துணியைத் தேடுவது எல்லோருக்கும் இயல்பு. வண்டியில் போகிறவனுக்குக் குளிரைக் கொண்டுவருவது பெரும்பாலும் காற்று. உடம்பின் சூட்டில் தோலை ஒட்டி ஒரு வெதுவெதுப்பான காற்றுப் படலம் எப்போதும் இருக்கும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று அந்தப் படலத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது. கனடாவும் அமெரிக்காவும் 2001-இல் வெளியிட்ட காற்றுக்குளிர் வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால், 10 டிகிரி குளிரில் 60 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால் அது 5 டிகிரி போல் உறைக்கும். அது மூடாத முகத்தோலுக்கான கணக்கு, தொடைக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் முழங்காலும் முன்தொடையும் ஏன் முதலில் மரத்துப்போகின்றன என்பது அதிலிருந்தே புரியும். ஜீன்ஸ் எவ்வளவு கனமாக இருந்தாலும் நெசவின் வழியே காற்றை விடும். மெல்லிய, ஆனால் காற்றுப் புகாத ஒரு மேல்துணியும், அதற்குள்ளே சாதாரண தெர்மல் (சூடு காக்கும் உள்ளுடை) ஒன்றும் இருந்தால், தடித்த பஞ்சு வைத்த பேன்ட்டைவிட அது நன்றாகக் குளிர் தாங்கும். தண்ணீர் புகாத துணி காற்றையும் விடாது என்பதால், உன் இரண்டு தேவைகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

இனி மழை. நம் மாவட்டத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழை புதிதல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்த பிறகும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது உனக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் வண்டி எடுக்காதே. எந்தப் பேன்ட்டும் அதற்காகத் தைத்ததல்ல. நான் சொல்வது சாதாரணமாக ஒரு மணி நேரம் விடாமல் பெய்யும் மழையை.

கடையில் "வாட்டர் புரூஃப்" என்று சொல்லி உன்னிடம் காட்டப் போவது மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். முதல் வகையில், நீர் புகாத மெல்லிய சவ்வு மேல்துணியோடே ஒட்டப்பட்டிருக்கும். 1969-இல் பாப் கோர் என்ற அமெரிக்கர், சூடாக்கிய டெஃப்லான் தண்டை வெடுக்கென்று இழுத்தபோது கிடைத்த நுண்துளைப் பொருளிலிருந்து வந்த கோர்டெக்ஸ் இந்தச் சவ்வுகளில் பெயர் பெற்றது. மழைத்துளி நுழைய முடியாத, ஆனால் வியர்வை ஆவி வெளியேறக்கூடிய துளைகள் அதில் உண்டு. சவ்வு மேலேயே ஒட்டியிருப்பதால் துணி தண்ணீர் குடிக்காது, உதறினால் பெரும்பாலும் போய்விடும். விலைதான் அதிகம், உன் சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்கிவிடும்.

இரண்டாவது வகையில் சவ்வு மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே தனிப் பையைப் போலத் தொங்கும். தண்ணீர் உன் காலைத் தொடாது என்பது உண்மை. ஆனால் மேல்துணி முழுவதும் நனைந்து ஊறி, நனைந்த கோணிச்சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட்டுவது போல் ஆகிவிடும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. எதிர்க்காற்றில் அந்தத் துணி காயும்போது, அந்த வெப்பத்தில் ஒரு பங்கு உன் தொடையிலிருந்துதான் போகும். கால் நனையாமலே குளிரில் நடுங்குவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது வகைதான் நம் சந்தையில் அதிகம் கிடைக்கிறது: ஜிப் வைத்துக் கழற்றி மாட்டும் மழை லைனர். இதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மழை வந்தால் வண்டியை ஓரங்கட்டி, ஷூவைக் கழற்றி, பேன்ட்டையே கழற்றி, லைனரை உள்ளே மாட்டி மறுபடி போட வேண்டும். குருபரப்பள்ளிப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் அதிகாலை ஐந்து மணிக்கு இதை எந்த மானமுள்ள மனிதனும் செய்யமாட்டான். செய்தாலும், மேல்துணி நனைந்து குளிரும் தொல்லை அப்படியே இருக்கும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். முட்டிக்கும் இடுப்புக்கும் பேடு வைத்த, தெர்மல் லைனரைக் கழற்றக்கூடிய ஒரு நல்ல டெக்ஸ்டைல் பேன்ட்டை, அதாவது தோலில் அல்லாமல் உறுதியான செயற்கைத் துணியில் தைத்த ரைடிங் பேன்ட்டை, எடு. மழைக்குத் தனியாக, அதற்கு மேலே போடும் மழைப் பேன்ட் ஒன்றை எடு. தண்ணீரைத் தடுக்கும் துணி எப்போதும் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கட்டும். கடுங்குளிரில் மழை இல்லாத நாளிலும் அந்த மழைப் பேன்ட்டை மேலே போட்டால், காற்றை அது முழுவதுமாகத் தடுத்துவிடும். மதியம் திரும்பும்போது அதையும் தெர்மலையும் மடித்துப் பையில் வைத்துவிடலாம். முழு விலை கொடுத்து முதல் வகையை வாங்கினாலும் நம் மதிய வெயிலில் உனக்கு அது புழுக்கமாகத்தான் இருக்கும்.

மழைப் பேன்ட் எடுக்கும்போது 5,000, 10,000 என்று மில்லிமீட்டரில் ஓர் எண் போட்டிருப்பார்கள். அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏற்படும் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும் என்பது அதன் பொருள். 10,000 என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீர். நின்றுகொண்டிருப்பவனுக்குக் குறைந்த எண்ணே போதும். நீ உட்கார்ந்து ஓட்டுகிறவன். ஈரமான சீட்டின் மேல் உன் எடை முழுவதும் அழுத்துகிறது, முட்டியில் மழை வேகமாக மோதுகிறது. ஆகவே 10,000-க்குக் குறையாமல் பார். சாலையோரத்தில் விற்கும் பிளாஸ்டிக் கோட்டு தண்ணீரை விடாதுதான், வியர்வையையும் விடாது. அரை மணி நேரத்தில் உள்ளே நீயே மழை பெய்துகொள்வாய்.

ஆனால் துணியின் எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தையல். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஊசி போகும் ஒவ்வொரு இடமும் ஓர் ஓட்டை. ஒரு பேன்ட்டில் அப்படிப்பட்ட ஓட்டைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால்தான் நல்ல மழைப் பேன்ட்டில் தையல் ஒவ்வொன்றின் மேலும் உள்பக்கமாகச் சூடேற்றி ஒரு டேப்பை ஒட்டியிருப்பார்கள். கடையில் பேன்ட்டை உள்பக்கம் திருப்பிக் கொடுக்கச் சொல். விரல் அகலத்தில் பளபளவென்று ஒரு பட்டை தையல் வழியே ஓடுகிறதா, ஓரத்தில் எங்கேனும் எழும்பியிருக்கிறதா என்று நகத்தால் நிமிண்டிப் பார். பிறகு கவட்டைப் பகுதிக்கு வா. நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் கூடும் பேன்ட் என்றால் கீழே வைத்துவிடு. ஜாக்கெட்டிலிருந்தும் டேங்க்கிலிருந்தும் வழியும் தண்ணீர் மடியில்தான் தேங்கும். அந்தக் கூட்டுப் புள்ளியில்தான் டேப் தடித்து, மடிந்து, முதலில் விட்டுப்போகும். என்னிடம் ஒழுகுகிறது என்று வந்த பேன்ட்களில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் போயிருந்தன. நல்ல கம்பெனிகள் அங்கே நாற்கோணமாக ஒரு தனித் துண்டை வைத்து, தையல்களைத் தொடைப் பக்கம் தள்ளிவிடுவார்கள். முன் ஜிப்புக்குப் பின்னால் மடிப்பு வைத்த துணி இருக்கிறதா என்பதையும் பார்; ஜிப்பே இல்லாமல் இடுப்பில் எலாஸ்டிக் மட்டும் உள்ளதானால் இன்னும் நல்லது.

அளவைக் கண்ணாடி முன் நின்று முடிவு செய்யாதே. வண்டியில் உட்காரும்போது முட்டி மடங்குவதால் பாட்டம் மேலே ஏறிவிடும். நிற்கும்போது சரியாக இருப்பது ஓட்டும்போது கணுக்காலைக் காட்டிக்கொண்டிருக்கும். கடைக்காரரிடம் கேட்டு உன் வண்டியின் மேலேயே உட்கார்ந்து பார். முட்டி பேடு அப்போது சிப்பி எலும்பின் மேல் உட்கார வேண்டும், பக்கவாட்டில் நழுவக் கூடாது. உள்ளே தெர்மலும் போட்டபடியே பார், ஏனென்றால் இறுக்கிப் பிடித்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் குளிர் கூடும். மழைப் பேன்ட்டின் பாட்டம் ஷூவுக்கு மேலே வெளிப்பக்கமாக இறங்க வேண்டும். ஷூவுக்குள் திணித்தால் பேன்ட்டில் வழியும் தண்ணீர் முழுவதும் ஷூவுக்குள் போய் நிற்கும்.

வலப்பக்கம் உன் சைலன்சர் இருக்கிறது. சூடான சைலன்சரில் மழைப் பேன்ட் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், வண்டியும் பாழ், பேன்ட்டும் பாழ். உள்காலில் சூடு தாங்கும் துண்டு வைத்திருக்கிறார்களா என்று பார்த்து எடு. மூடி இல்லாத செயின் உள்ள வண்டியாதலால் பாட்டத்தை வெல்க்ரோ பட்டியால் இறுக்கிக் கட்டு. விடியல் மூடுபனியில் லாரிக்காரனுக்கு நீ தெரிய வேண்டும். கணுக்கால் பக்கம் ஒளி திருப்பும் பட்டை இருந்தால் நல்லது.

மழைப் பேன்ட் விழுந்தால் காப்பாற்றாது, உராய்ந்த நொடியில் கிழிந்துவிடும். காப்பாற்ற வேண்டியது உள்ளே இருக்கும் டெக்ஸ்டைல் பேன்ட். அதில் இ.என். 17092 என்ற ஐரோப்பியத் தர எண்ணுள்ள லேபிளைத் தேடு. அதன் கீழ் டிரிபிள் ஏ, டபுள் ஏ, ஏ என்று தரம் போட்டிருக்கும், நெடுஞ்சாலைக்கு டபுள் ஏ எடுத்தால் எனக்கு நிம்மதி. பேடில் இ.என். 1621-1, லெவல் 2 என்று இருந்தால், பேடைத் தாண்டி உன் மேல் வரும் விசையை, லெவல் 1-இல் உள்ள 35-க்குப் பதிலாக 20 கிலோ நியூட்டனுக்குள் அது அடக்கும். இடுப்பில் வெறும் ஸ்பாஞ்சை வைத்து விற்கும் பேன்ட்கள் உண்டு. கையை விட்டு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆன்லைனில் எடுக்காதே. ஓசூரிலிருந்து பெங்களூரு ஒரு மணி நேர வழி. வார விடுமுறையில் போய், போட்டுப் பார்த்து எடு.

வாங்கிய பின் சோப்புத்தூளும் துணியை மென்மையாக்கும் திரவமும் போட்டுத் துவைக்காதே, சாதாரண லிக்விடு கொஞ்சமாகப் போதும். மேல்துணியில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருள வேண்டும். பரவி ஊற ஆரம்பித்தால் அதற்கென்று விற்கும் ஸ்பிரேயை அடி. ஈரத்தோடு மடித்துப் பைக்குள் வைத்துவிட்டால், உள்ளே பூசிய பூச்சு நாளடைவில் பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும். டேப் ஒட்டிய பேன்ட்டுக்கு இஸ்திரிப் பெட்டி காட்டாதே.

கடைசியாக ஒன்று. மழைப் பேன்ட் நீளமாக இருந்தால் பக்கத்துத் தெருவில் கொடுத்துக் குறைத்துக்கொள்ளாதே. சாதாரண மிஷினில் ஓட்டினால் புதிதாக ஓட்டை விழும், அதை யாரும் அடைத்துத் தரமாட்டார்கள். பாட்டத்தை மடித்து வெல்க்ரோவில் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு எடுத்து வா, தையல் டேப் ஒரு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன். டெக்ஸ்டைல் பேன்ட் என்றால் இடுப்பளவும் உட்கால் நீளமும் முன்கூட்டியே எழுதி அனுப்பு. அக்காவிடம் சொல்லி அனுப்பாதே, அவள் போன தடவை உன் கல்யாணச் சட்டைக்குக் கொடுத்த அளவு உன் அப்பாவுடையது.

அன்புடன்,
மாமா